விசையும் திரையும்



கைப்பேசி நம்மிடையே பரவத் தொடங்கிய நாளில், அதன் முகத்தில் எண்களைத் தாங்கிய விசைகள் வரிசை வரிசையாக அமைந்திருந்தன. இன்று நீங்கள் கையில் ஏந்தும் திறன்பேசியின் முகத்திலோ விசை ஒன்றும் இல்லை. வழவழப்பான கண்ணாடி ஒன்றே இருக்கிறது. விசைகள் ஏன் மறைந்தன? அவை மறைந்ததனால் நாம் பெற்றது யாது, இழந்தது யாது? இவ்வினாக்களையே இன்று உங்களோடு ஆராய விரும்புகின்றேன்.

முதற்கண் விசையின் இயல்பைக் காண்போம். கைப்பேசி விசையின் அடியில், கவிழ்த்துவைத்த கிண்ணம்போல் வளைந்த சிறிய உலோகத் தகடு ஒன்று உண்டு. போதிய அழுத்தம் வந்ததும் அது சட்டென்று உள்வாங்கி மின்சுற்றை இணைக்கிறது. விரலை எடுத்ததும் பழைய வடிவத்திற்கு மீள்கிறது. அந்தச் சிறு துள்ளலே விரலுக்குக் கிடைக்கும் விடை. ‘உன் கட்டளை வந்து சேர்ந்தது’ என்று விசை விரலிடம் சொல்லிவிடுகிறது. அதைக் கண் போய்ப் பார்த்துவர வேண்டுவதில்லை.

விசைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அதற்கு விளிம்பு உண்டு. மாறாத இடமும் உண்டு. கணினியின் விசைப்பலகையில் எஃப், ஜே என்னும் இரண்டு விசைகளின்மீது மட்டும் சிறு மேடு இருப்பதை நீங்கள் தடவி அறிந்திருக்கலாம். விசையுள்ள கைப்பேசிகளில் 5ஆம் எண்ணின்மீதோ அதன் அருகிலோ அத்தகைய மேடு இருக்கும். விரல் தன் வீட்டைத் தானே கண்டுகொள்வதற்கென அமைந்த அடையாளங்கள் இவை. ஷோல்ஸ் என்பார் வகுத்த தட்டச்சுப் பொறி அமெரிக்காவில் 1874இல் விற்பனைக்கு வந்தது. அதன் வழிவந்த பொறிகளில் நான் தட்டச்சுப் பயின்றபோது, எங்கள் பயிற்றுநர் விசைகளை நோக்க ஒருபோதும் இடந்தந்ததில்லை. கண் தாளில் இருக்க வேண்டும். விரல் தன் வழியே செல்ல வேண்டும் என்பதே அவர் கற்பித்த முதற்பாடம்.

இனித் தொடுதிரைக்கு வருவோம். இது நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்தில் மால்வன் என்னும் ஊரிலிருந்த ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஈ. ஏ. ஜான்சன் 1965ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதினார். வானூர்திப் போக்குவரத்தை நெறிப்படுத்துவோருக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர் கருத்து. 1994இல் ஐபிஎம் நிறுவனத்தின் ‘சைமன்’ என்னும் தொடுதிரைத் தொலைபேசியும் விற்பனைக்கு வந்தது.

இன்றைய திறன்பேசியின் திரைக்கண்ணாடிக்குக் கீழே, கண்ணுக்குப் புலப்படாத மின்கடத்திக் கோடுகள் நெடுக்கிலும் குறுக்கிலும் வலைபோல் ஓடுகின்றன. அவற்றில் மிகச் சிறிய அளவு மின்னூட்டம் தங்கியிருக்கும். நம் உடலும் மின்சாரத்தைக் கடத்துவதாகலின், விரல் அருகே சென்றவுடன் அவ்விடத்து மின்னூட்ட நிலை மாறுகிறது. எந்த நெடுக்கும் எந்தக் குறுக்கும் வெட்டும் இடத்தில் மாற்றம் நேர்ந்தது என்று கருவி கணக்கிட்டுக்கொள்கிறது. நகத்தின் நுனியால் தொட்டால் திரை பெரும்பாலும் வாளாவிருப்பதும், மழைத்துளி விழுந்தால் தடுமாறுவதும் இதனாலேயே.

விரலுக்கு விடைசொல்லாத இந்தக் கண்ணாடி, விடைசொல்லும் விசையை எவ்வாறு வென்றது? அக்காலத்துக் கைப்பேசியில் ஆங்கிலத்து எஸ் என்னும் எழுத்தைப் பெற 7ஆம் எண் விசையை நான்கு முறை அழுத்தவேண்டும். இக்குறையைப் போக்க, கனடா நாட்டில் பிறந்த பிளாக்பெரிக் கருவிகள் எழுத்துக்கு ஒரு விசையாகச் சிறு விசைப்பலகையையே முகத்தில் தாங்கி வந்தன. அலுவலர்கள் அவற்றைப் பெரிதும் விரும்பினர். ஆயினும் அவ்விசைகள் கருவியின் முகத்தில் ஏறத்தாழப் பாதியைக் கவர்ந்துகொண்டன. 2007ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் ஐபோனை அறிமுகம் செய்த ஸ்டீவ் ஜாப்ஸ் இதனையே சுட்டிக்காட்டினார். வேண்டும்போதும் வேண்டாதபோதும் விசைகள் அங்கேயே நிற்கின்றன. பின்னாளில் புதிய பயன் ஒன்று தோன்றினால் விற்றுவிட்ட கருவியில் புதிய விசையைச் சேர்க்க முடியாது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

வாதம் வலிமையுடையதே. திரையில் விசை என்பது வரையப்பட்ட ஓவியம். எழுதும்போது அது விசைப்பலகை, கணக்கிடும்போது எண்பலகை, படம் காணும்போது ஒன்றுமில்லை. ஒரே கருவி பல கருவிகளாக மாறவேண்டிய காலம் வந்தபோது, மாறும் இயல்புடைய திரை வென்றது. மாறா இயல்புடைய விசை பின்தங்கியது. பழைய பிளாக்பெரிக் கருவிகளுக்கான சேவைகளும் 2022 சனவரி 4ஆம் நாளோடு நிறுத்தப்பட்டன.

இம்மாற்றத்தால் தமிழுக்கு விளைந்த நன்மையையும் சொல்லவேண்டும். 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளில் அடக்குவது எளிய செயலன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுக்கப் பெரிதும் உழைத்தார். 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, உயிரெழுத்துகளை இடக்கைப் பக்கத்திலும் மெய்யெழுத்துகளைப் பெரும்பாலும் வலக்கைப் பக்கத்திலும் அமைத்தது. ஆயினும் கடையில் வாங்கும் விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகளே பொறிக்கப்பட்டிருக்கும். தமிழ் எழுத்தின் இடத்தை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தொடுதிரையிலோ தமிழ் எழுத்தே கண்முன் தோன்றுகிறது. ஆங்கிலம் அறியாத முதியவரும் தம் பேரனுக்குத் தமிழில் செய்தி எழுதுகிறார். இது சிறிய பேறன்று.

அப்படியானால் இழந்தது யாது? நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கணினி விசைப்பலகையில் உங்கள் பெயரை எழுதுங்கள். பிறகு திறன்பேசியின் திரையில் எழுதுங்கள். விசையில் தவறினாலும் எங்கே தவறினோம் என்று விரல் ஓரளவு உணரும். திரையில் எல்லா இடமும் ஒரே வழவழப்பு. தவறியதும் தெரியாது, சரியானதும் தெரியாது. கருவி சற்றே அதிர்ந்து காட்டினாலும், தொட்டது என்று அறிவிக்குமேயன்றி, எதைத் தொட்டோம் என்று அறிவிக்காது. சுருங்கச் சொன்னால், விசை விரலின் பொறுப்பில் விட்டிருந்த வேலையைத் திரை கண்ணின் தலைமேல் ஏற்றிவிட்டது.

கண்ணுக்கு வேறு வேலை இல்லாதவரை இதனால் பெருந்தீங்கு இல்லை. கண் வேறிடத்தில் இருக்கவேண்டிய நேரத்தில் நேர்வது என்ன என்பதைக் கடலில் நிகழ்ந்த ஒரு விபத்து காட்டும். 2017 ஆகஸ்டு 21ஆம் நாள், சிங்கப்பூரை அடுத்த கடற்பகுதியில், ‘ஜான் எஸ். மெக்கெய்ன்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. மாலுமிகள் பதின்மர் மாண்டனர். அக்கப்பலின் திசையையும் வேகத்தையும் தொடுதிரை வாயிலாகவே ஆண்டுவந்தனர். கட்டுப்பாட்டை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றுகையில் குழப்பம் நேர்ந்து, இரண்டு உந்துவிசிறிகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல, கப்பல் ஒருபுறம் திரும்பிவிட்டது. பயிற்சிக் குறைவும் ஒரு காரணமே. திரையை மட்டும் பழிப்பது நேர்மையன்று. ஆயினும், கைப்பிடி இருந்திருந்தால் அது நிற்கும் நிலையே உண்மையைக் கைக்குச் சொல்லியிருக்கும். 2019இல் அமெரிக்கக் கடற்படை, இவ்வகைக் கப்பல்களில் வேகத்தை ஆளுவதற்கு மீண்டும் கைப்பிடிகளையே பொருத்த முடிவுசெய்தது.

திரை கண்ணையே வேண்டுகிறது என்றால் கண்பார்வை அற்றோர் என் செய்வர்? 2009இல் வந்த ஐபோனில் இதற்கு ஒரு வழி காணப்பட்டது. விரல் தடவுமிடத்தில் உள்ளதன் பெயரைக் கருவி குரலால் உரைக்கும். வேண்டியது வந்ததும் இருமுறை தட்டினால் அது இயங்கும். விரல் இழந்த விடையைச் செவிக்கு ஈந்தனர். ஆகவே, தேவை விசையோ திரையோ அன்று; செய்தவனுக்குத் தன் செயலின் விடை தெரிய வேண்டும் என்பதே தேவை. அது கண் வழியே வரலாம், காது வழியே வரலாம், விரல் வழியே வரலாம். எந்த வழி அந்த நேரத்திற்கு ஏற்றது என்பதே வினா.

இதனை நம் நாட்டுச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. ஆபத்தில் அகப்பட்டோர் உதவிக்கு அழைப்பதற்கெனக் கைப்பேசிகளில் அமையவேண்டிய ஏற்பாட்டைப் பற்றி 2016இல் இந்திய அரசு விதி வகுத்தது. விசையுள்ள கைப்பேசியில் 5 அல்லது 9 என்னும் விசையை நீண்ட நேரம் அழுத்த வேண்டும் என்றும், திறன்பேசியில் தேவைப்படின் பக்கவாட்டிலுள்ள இயக்கு விசையை விரைந்து மும்முறை அழுத்துவது போதும் என்றும் அவ்விதி கூறுகிறது. அச்சத்தில் கை நடுங்கும். இருளில் கண் தேடாது. பையினுள் இருக்கும் கருவியை எடுத்துப் பார்க்கவும் இயலாது. அத்தகைய வேளையில் நம்பத்தக்கது விரலறிந்த விசையே. திறன்பேசியின் முகத்தில் விசைகள் அழிந்தபோதும் அதன் விலாப்புறத்தில் இரண்டொரு விசைகள் இன்னும் நிலைத்திருப்பது வீணன்று.

மாணவர்களே, புதியது என்பதனாலேயே திரையைப் போற்றவும் வேண்டா. பழையது என்பதனாலேயே விசையைத் தள்ளவும் வேண்டா. கருவி ஒன்றைக் கையில் எடுக்கும்போது, ‘இதைக் கையாளுகையில் என் கண் எங்கே இருக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். கண் சாலையில் இருக்கவேண்டிய வேளையில் திரையைத் தொடாதீர்கள். இரு சக்கர வண்டியில் செல்லும் இளைஞர்களுக்கு இதனை அழுத்திச் சொல்கிறேன். அடுத்து, உங்கள் திறன்பேசியில் ஆபத்து அழைப்பு எந்த விசையால், எத்தனை அழுத்தத்தால் இயங்கும் என்பதை அமைப்புப் பகுதியில் படித்தறியுங்கள். கருவிக்குக் கருவி அது வேறுபடும். அழைப்பு எண் 112. வேடிக்கைக்காக அழைக்காதீர்கள். ஆனால் அவ்விசை இருக்குமிடத்தை, கண்ணை மூடியும் உங்கள் விரல் அறிந்திருக்கட்டும். வீட்டிலுள்ள பாட்டிக்கும் தங்கைக்கும் அதைக் கற்றுக்கொடுங்கள்.