300 ரூபாய் கூலி கட்டுப்படியாகுமா? கீசர் மெக்கானிக்கின் ஆண்டுக் கணக்கு

புதுதில்லி: தில்லியில் நவம்பர் பிறந்ததும் கீசர் மெக்கானிக்குகளின் கைப்பேசி ஓயாமல் ஒலிக்கத் தொடங்கும், மார்ச்சில் அடங்கிவிடும். இந்த நான்கு மாதப் பரபரப்பை நம்பியே, தனியாகத் தொழில் செய்யும் பலர் கட்டணத்தைக் குறைவாக நிர்ணயித்து விடுகின்றனர். நாளுக்கு நான்கு வேலை, ஒவ்வொன்றுக்கும் 300 ரூபாய் கூலி என்றால் 1,200 ரூபாய். கேட்பதற்கு நல்ல வருமானம்தான். ஆனால், ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டால் நிலைமை வேறு.

ஓர் உதாரணம் பார்ப்போம். குடும்பச் செலவுக்கு மாதம் 30,000 ரூபாய்; பெட்ரோல், கைப்பேசி, கருவித் தேய்மானம், காப்பீடு ஆகியவற்றுக்கு 8,000 ரூபாய். ஆக, ஆண்டுத் தேவை 4,56,000 ரூபாய். மாதத்துக்கு 24 வேலை நாள்கள் எனக் கொள்வோம். குளிர்கால நான்கு மாதங்களில் நாளுக்கு நான்கு, எஞ்சிய எட்டு மாதங்களில் நாளுக்கு இரண்டு என ஆண்டில் கிடைப்பவை 768 வேலைகள். அப்படியெனில், ஒரு வேலைக்குச் சுமார் 594 ரூபாய் கூலி கிடைத்தாக வேண்டும். 300 ரூபாய் மட்டுமே பெற்றால், தொழில் செலவு போக மாதம் மிஞ்சுவது 11,200 ரூபாய்.

இதில் மறு அழைப்புகள் சேரவில்லை. உப்பு மிகுந்த தண்ணீர் வரும் பகுதிகளில் ஹீட்டிங் எலிமென்ட் மீது சுண்ணாம்புப் படிவம் விரைவில் சேரும். மாற்றிய எலிமென்ட் மீண்டும் பழுதானால் வாடிக்கையாளர் மெக்கானிக்கைத்தான் அழைப்பார். அந்தப் பயணத்துக்குக் கூலி கேட்க இயலாது. எனவே, அந்த நேரத்துக்கான விலையும் முதல் கட்டணத்திலேயே அடங்கியிருக்க வேண்டும்.

கூலியைக் குறைத்துவிட்டு, தெர்மோஸ்டாட் போன்ற உதிரிபாகங்களின் விலையில் அதை ஈடுகட்டுவோரும் உள்ளனர். இன்று எலிமென்ட்டின் விலையை வாடிக்கையாளர் நின்ற இடத்திலேயே கைப்பேசியில் பார்த்துவிடுகிறார். வருகைக் கட்டணம், கூலி, பாகத்தின் விலை ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதி, வேலையைத் தொடங்கும் முன்பே காட்டுவது தகராறைத் தவிர்க்கும்.

வரியைப் பொறுத்தவரை, சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர்கள் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு பெறத் தேவையில்லை. சில மாநிலங்களில் இந்த வரம்பு 10 லட்சம் ரூபாய். பதிவு பெறாதவர் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி என்ற பெயரில் தொகை வசூலிக்கச் சட்டத்தில் இடமில்லை. அதேவேளையில், பதிவு இல்லாததால் வாங்கும் பாகங்களுக்குச் செலுத்திய வரியைத் திரும்பப் பெறவும் முடியாது. அதையும் பாகத்தின் அடக்கவிலையில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.