நான்கு பாகை நீரில் என்ன உடுப்பது?

கொழும்பு கிராண்ட்பாஸில் ஒருவர் கம்பளி உடுப்புத் தேடினால், அவர் நுவரெலியாவுக்குப் போகிறார் அல்லது கனடாவுக்குப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆனால் நம் கடலும் உடம்பிலிருந்து சூட்டை எடுக்கத்தான் செய்கிறது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். 28 பாகை காற்றில் நமக்கு வியர்க்கிறது. அதே 28 பாகை கடலில் நெடுநேரம் கிடந்தால் நடுக்கம் பிடிக்கும். 1917 பெப்ரவரியில் ஜெர்மன் கப்பலான வுல்ஃப் விதைத்த கண்ணிவெடியில் சிக்கி, கொழும்புக்கு அப்பால் வூஸ்டர்ஷயர் என்ற கப்பல் மூழ்கியது. அது கிடக்கும் ஆழத்திற்குப் போகும் சுழியோடி இடையிடையே தரித்து, மெதுவாகத்தான் மேலே வரமுடியும். அதனால் இந்த வெதுவெதுப்பான கடலிலும் அவருக்கு ரப்பர் உடை தேவைப்படுகிறது.

இப்போது ரொறன்ரோவுக்கு வாருங்கள். நன்னீர் 4 பாகையில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். ஆகவே அந்தக் குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிடுகிறது. மேலே வெயில் கொளுத்தினாலும் ஒன்டாரியோ ஏரியின் ஆழம் சூடேறுவதில்லை. 2004 முதல் அந்நகரம் 83 மீட்டர் ஆழத்திலிருந்து இந்நீரை இழுத்து, அதன் குளிர்ச்சியால் நகர நடுவிலுள்ள கட்டடங்களைக் குளிரூட்டுகிறது. நம் சொந்தக்காரர் எத்தனையோ பேர் வாழும் நகரத்தின் காலடியில், கோடையிலும் கலையாத ஒரு குளிர்காலம் கிடக்கிறது. எனக்கு இது தீராத வியப்பு.

அந்த ஆழத்தில் இறங்குகிறவர் நீர் புகாத உலர் உடை அணிகிறார். மெல்லிய துணி அடுக்குகளால் ஆன உலர் உடை தண்ணீரைத் தடுக்கும், அவ்வளவுதான். சூட்டைக் காப்பது உள்ளே போடும் உடுப்பு. இன்னும் சரியாகச் சொன்னால், அதன் இழைகளுக்கிடையில் அசையாமல் அடைபட்டிருக்கும் காற்று.

அங்கேதான் சிக்கல். நீருக்குள் நிமிர்ந்து நிற்பவரின் கால், தோளைவிட ஒன்றரை மீட்டர் தாழ்வில் இருக்கும். அந்தச் சிறிய அழுத்த வேறுபாடு போதும், காற்றெல்லாம் தோளுக்கு ஏறிவிடும். உடை காலை இறுக்கி, பஞ்சுபோன்ற உள்ளுடுப்பை நசுக்கிவிடும். கடையில் தடிப்பாகத் தெரிந்தது நீரில் தாள்போல ஆகிவிடுகிறது. ஆகவே வாங்குமுன் துணியைக் கைக்குள் வைத்து நன்றாக அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தத்துக்கு எதிர்த்து நின்று, விட்டதும் எழும்பும் துணியே வேலைக்காகும். தின்சுலேட் போன்ற நுண்ணிழை நிரப்பிகள் இதனால்தான் பெயர் பெற்றன. 4 பாகை நீருக்குச் சதுர மீட்டருக்கு 400 கிராம் வகையைப் பலர் எடுக்கிறார்கள்.

தோலோடு ஒட்டிப் போடுவதில் பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். கரையில் உடை மாற்றும்போதே வியர்க்கும். பருத்தி அதை உறிஞ்சி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் இருக்கும். மெரினோ கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கியும் சூட்டைக் காக்கும். பாலியெஸ்டர் வியர்வையை வெளி அடுக்குக்குக் கடத்திவிடும். இரண்டில் எதுவும் நல்லதே.

உடைக்குள் செலுத்தும் வாயுவும் முக்கியம். ஹீலியம் காற்றைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு வெப்பம் கடத்துவதால், ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிப்பவர்கூட அதை உடைக்குள் விடுவதில்லை. ஆர்கன் காற்றைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகக் கடத்தும் என்பதால் அதற்கெனச் சிறிய உருளை சுமப்போர் உண்டு. ஆனால் நோர்வே ஆய்வாளர்கள் சுழியோடிகளை வைத்துச் சோதித்தபோது அதனால் பலன் தெரியவில்லை. அந்தப் பணத்தை நல்ல உள்ளுடுப்பில் போடுவதே மேல் என்பேன்.

அளவுக்கு மீறித் தடிப்பதும் ஆபத்து. கூடுதல் காற்று உடம்பை மேலே தூக்கும்; அதை அமிழ்த்தக் கூடுதல் ஈயம் கட்ட வேண்டும். கை மடங்காது. முழுவதும் உடுத்திக்கொண்டு, பிடரிக்குப் பின்னால் உள்ள சிலிண்டர் வால்வைத் தொட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். கை எட்டவில்லையென்றால், எவ்வளவு சூடாக இருந்தாலும் அந்த உடுப்பைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.