கால் மணி நேரத்தை உலகமாக்கிய திருச்சி சங்கரன்!

திருச்சியிலிருந்து காவிரியைத் தாண்டி, ஸ்ரீரங்கம் கோபுரத்தைப் பார்த்தபடி கொள்ளிடத்தையும் கடந்து லால்குடி பக்கம் போனால் பூவாளூர் வரும். அங்கே 1942-ல் பிறந்தவர் மிருதங்க வித்வான் சங்கரன். சொந்த ஊர் பூவாளூர் என்றாலும் பெயரோடு ஒட்டிக்கொண்டது என்னவோ 'திருச்சி'தான்!

நம் கச்சேரிகளில் மிருதங்கம் பக்கவாத்தியம். இரண்டரை மணி நேரம் பாடகருக்குத் துணையாக வாசித்தால், தனி ஆவர்த்தனத்துக்குக் கால் மணி நேரம் கிடைக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் கேன்டீனில் காபிக்குக் கூட்டம் முண்டியடிக்கும். மிருதங்கத்தையும் கஞ்சிராவையும் மட்டுமே நாயகர்களாக்கி 'லய வின்யாஸ்' என்று ஓர் ஆல்பமே தந்தார் சங்கரன்.

இந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு குரு இருக்கிறார். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். அவர் வாசித்தால் மேடையில் வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டும். அதற்குச் சம்மதிக்காத வித்வான்கள் இருந்தார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றவர்கள்தான் அவரைக் கைதூக்கிவிட்டார்கள். ஆலத்தூர் சகோதரர்கள் பாட, அந்த குருவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சங்கரன் அரங்கேறியபோது வயது 13.

1971-ல் டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நம்மூர் ரசிகர்கள் 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்று கொண்டாடிய ஜான் ஹிக்கின்ஸும் அவரும் சேர்ந்து அங்கே தென்னிந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார்கள். அந்த ஊர் மாணவர்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? முதலில் வாய், பிறகுதான் கை.

நீங்களும் செய்து பார்க்கலாம். த-திங்-கி-ண-தொம்: ஐந்து எழுத்து. மூன்று முறை சொன்னால் பதினைந்து. ஆதி தாளத்தில் ஒரு சுற்றுக்கு எட்டு அடி. அடிக்கு நாலு வீதம் 32 எழுத்து. பதினேழை விட்டுவிட்டு பதினெட்டாவதில் ஆரம்பித்தால், மூன்றாவது 'தொம்' முடிந்த கையோடு அடுத்த சுற்றின் முதல் அடி வந்து விழும். ஒன்று பிசகினாலும் மாட்டிக்கொள்வோம்!

இந்தக் கணக்குக்கு மொழி தேவையில்லை. ஆப்பிரிக்க டிரம் கலைஞர்களோடு வாசித்தார், ஜாஸ்காரர்களோடு வாசித்தார், இந்தோனேசிய கேமலான் குழுவுக்கென்றே இசையமைத்தார். நைஜீரியாவில் ஃபெலா குட்டியின் குழுவில் டிரம்ஸ் வாசித்த டோனி ஆலனும் இப்படித்தான். பின்னாளில் தன் பெயரிலேயே ஆல்பங்கள் போட, அவற்றை இளைஞர்கள் ரீமிக்ஸ் செய்தார்கள். சங்கரனுக்கு ரீமிக்ஸ் வீட்டுக்குள்ளேயே நடந்தது. மகள் சுபா சங்கரனின் டொரன்டோ இசைக்குழுவின் பெயர் 'ஆட்டோரிக்‌ஷா'. அப்பாவின் ஜதியோடு ஜாஸும் ஃபங்க்கும் அதில் சவாரி செய்கின்றன. கனடாவின் ஜூனோ விருதுக்கு அந்தக் குழு பரிந்துரைக்கப்பட்டது. அப்பாவும் அவர்களோடு மேடையேறி வாசித்திருக்கிறார்.

கலந்தால் சுத்தம் கெட்டுவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சங்கரன் மற்றவர்களோடு சேர்ந்தார், கணக்கைத் தளர்த்தவில்லை. கனடாவிலிருந்து வந்து மார்கழிக் கச்சேரிகளுக்கு வாசிப்பதையும் விடவில்லை.

2011-ல் மியூசிக் அகாடமி அவருக்கு 'சங்கீத கலாநிதி' கொடுத்தது. அந்தப் பட்டம் ஒரு மிருதங்க வித்வானுக்கு முதன்முதலில் கிடைத்ததே 1966-ல், பாலக்காடு மணி ஐயருக்குத்தான். சங்கரனின் குரு பழனி அதற்கு நாலு வருடம் முன்பே கண்ணை மூடிவிட்டார்.