பாதாளத்தில் ஒரு பளிங்கு மாளிகை

பாதாளம் என்றவுடன் இருளும் ஈரமும் நாகலோகமும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், ரஷ்யத் தலைநகராகிய மொஸ்கோவிலே பாதாளத்துக்கு இறங்குகிறவர் காணும் காட்சி முற்றிலும் வேறானது. நகரும் படிக்கட்டில் நின்றபடியே அவர் ஆழத்துக்குச் செல்கிறார். படிகள் முடிவுறும் இடத்தில் பளிங்குத் தூண்கள் அணிவகுத்து நிற்கின்றன. விதானத்திலே விளக்குகள் ஒளிவீசுகின்றன. அரசர் ஒருவரின் கொலுமண்டபத்துக்கு வழிதவறி வந்துவிட்டோமோ என அவர் மயங்கும் வேளையில், இரைந்து வந்து நிற்கிறது ஒரு புகையிரதம். பழக்கத்தினால் அப்படிச் சொல்கிறோமேயன்றி, மின்சாரத்தால் ஓடும் அதிலே புகை ஏது? கதவுகள் திறக்கின்றன. ஆலைத் தொழிலாளியும், காய்கறிக் கூடையுடன் மூதாட்டியும், புத்தகப் பையுடன் மாணவனும் இறங்குகின்றனர். அந்த மண்டபம் அவர்களுக்காகவே கட்டப்பட்டது.

நாள்தோறும் வந்துபோகும் ஒரு நிலையத்துக்கு இத்தனை அழகு வேண்டுமா? இந்த வினா மொஸ்கோ நிலையங்களின் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வருகின்றது.

பஞ்ச காலத்திலே எழுந்த மண்டபங்கள்

உலகின் முதலாவது சுரங்கப் புகையிரதம் 1863ஆம் ஆண்டிலேயே இலண்டனில் ஓடத் தொடங்கிவிட்டது. மொஸ்கோவின் பாதை 1935ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி திறக்கப்பட்டது. அன்று அதன் நீளம் ஏறக்குறைய 11 கிலோமீற்றர், நிலையங்கள் 13.

அது கட்டப்பட்ட காலமோ கொடியது. 1932, 1933ஆம் ஆண்டுகளில் உக்ரேன் முதலிய பகுதிகளிலே பஞ்சத்தால் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். நகரத்திலும் பாணுக்குப் பங்கீடு. கிராமங்களை விட்டு வந்த ஆயிரக்கணக்கானோர், சுரங்க வேலையை முன்பின் அறியாதவர்கள், நீரூறும் மண்ணைக் குடைந்தனர். பெண்களும் சுரங்கத்தில் இறங்கி உழைத்தனர். சேறு சரியும் இடங்களில் மண்ணை உறைய வைத்துத் தோண்டவேண்டியிருந்தது. நாளை வரப்போகும் வாழ்வு இதுதான் என்று மக்களுக்குக் காட்ட ஆட்சியாளர் விரும்பினர். அவ்விருப்பத்திலே பிரசாரமும் இருந்தது. பாமரனும் பளிங்கில் நடக்கலாம் என்ற எண்ணமும் இருந்தது.

மண்ணுக்குள் ஒரு வானம்

இந்நிலையங்களின் சிற்பிகளுள் தலைசிறந்தவர் அலெக்சி துஷ்கின் என்பவர். பூமிக்கடியில் இருக்கிறோம் என்ற அச்சத்தைப் போக்குவதே அவருடைய நோக்கம். இன்று குரோப்போட்கின்ஸ்கயா எனப்படும் நிலையத்தில், தூண்களின் உச்சியிலே விளக்குகளை மறைத்து வைத்தார். ஒளி மேல்நோக்கிப் பாய, கூரை பாரமற்று மிதப்பதுபோலத் தோன்றுகின்றது.

கவிஞர் மாயகோவ்ஸ்கியின் பெயர் தாங்கிய நிலையம் 1938இல் திறக்கப்பட்டது. அதன் ஆழம் 33 மீற்றர். அவ்வளவு ஆழத்தில் மண்ணின் பாரத்தைத் தாங்கப் பருத்த சுவர்த்தூண்களே வேண்டும் என்று கருதிய காலத்தில், துஷ்கின் உருக்கினால் மெல்லிய தூண்களை நிறுத்தினார். விதானத்தின் குழிவுகளிலே, வண்ணச் சில்லுகள் பதித்த மொசைக் சித்திரங்கள் 34 உள்ளன. அலெக்சாந்தர் டெய்நேக்கா என்ற ஓவியர் வரைந்த அவற்றில் விமானங்கள் பறக்கின்றன. பழமரக் கிளைகள் அசைகின்றன. அண்ணாந்து பார்ப்பவர் மண்ணை அன்று, வானத்தையே காண்கிறார்.

போரும் ஒரு கலைஞனும்

1941ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜேர்மனியப் படைகள் படையெடுத்தன. மொஸ்கோமீது குண்டுகள் விழுந்த இரவுகளில் மக்கள் இந்நிலையங்களிலே தஞ்சம் புகுந்தனர். தண்டவாளங்களின்மேல் பலகைகளைப் பரப்பி உறங்கினர். குழந்தைகளும் அங்கே பிறந்தன. ஒக்டோபர் 16ஆம் திகதி காலையில் நிலையங்கள் திறக்கப்படவில்லை. பகைவர் கையில் அகப்படாதபடி பாதையையே அழித்துவிடக் கட்டளை பிறந்திருந்தது. நல்லவேளை, அன்றே அக்கட்டளை கைவிடப்பட்டது; மாலையில் வண்டிகள் மீண்டும் ஓடின. மூன்று வாரங்கள் கழித்து, நவம்பர் 6ஆம் திகதி, மாயகோவ்ஸ்கயா நிலையத்திலேயே ஸ்டாலின் புரட்சி ஆண்டுவிழா உரையை நிகழ்த்தினார்.

அதே காலத்தில், முற்றுகையிடப்பட்ட லெனின்கிராட் நகரிலே, விளாதிமிர் புரோலொவ் என்ற முதிய கலைஞர், டெய்நேக்காவின் ஓவியங்களைப் பார்த்து வண்ணச் சில்லுகளைப் பதித்துக்கொண்டிருந்தார். மாயகோவ்ஸ்கயாவின் மொசைக் சித்திரங்களை ஆக்கியவரும் அவரே. பசியிலும் குளிரிலும் பணியை நிறைவேற்றிய அவர் 1942இல் அம்முற்றுகையிலேயே உயிர்நீத்தார். அவர் ஆக்கிய சித்திரங்கள் முற்றுகையைக் கடந்து மொஸ்கோ சேர்ந்தன. 1943இல் திறக்கப்பட்ட நோவோகுஸ்நெட்ஸ்கயா நிலையத்தின் விதானத்தில் அவற்றை இன்றும் காணலாம். பட்டினியால் மக்கள் மடிந்த நகரில் உருவான அச்சித்திரங்களுள் ஒன்று, பழம் பறிக்கும் தோட்டத்தைக் காட்டுகிறது!

அழகுக்கு வந்த தடை

போருக்குப் பின் ஆடம்பரம் உச்சநிலையை எட்டியது. லெனின் சமாதியை அமைத்த ஷூசெவ் திட்டமிட்ட கொம்சொமோல்ஸ்கயா நிலையம், அவர் இறந்த பின்னர் 1952இல் திறக்கப்பட்டது. அதன் பொன்னொளி வீசும் விதானம் தேவாலயம் ஒன்றையே நினைவூட்டும். ஆனால், 1955 நவம்பரில், கட்டடங்களில் மிகையான அலங்காரம் கூடாது என ஆணை வந்தது. அப்போது ஆட்சித் தலைமையில் இருந்த குருஷேவ், முதற் பாதை கட்டப்பட்டபோது அதனை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் என்பது விந்தையே. எனினும், குடியிருக்க வீடின்றித் தவித்தோர் அந்நகரில் ஏராளம். எளிய ஓடுகள் பதித்த, ஒன்றைப்போல் மற்றொன்றான நிலையங்கள், குறைந்த செலவில் புறநகர் மக்களையும் எட்டின. ஆகவே, அத்தடையிலும் நியாயம் இல்லாமற் போகவில்லை.

பின்னர் ஸ்டாலினின் உருவங்கள் அகற்றப்பட்டன. நிலையங்கள் பலவற்றின் பெயர்கள் மாறின. 1991இல் சோவியத் ஆட்சியே மறைந்தது. ஆனால், மண்டபங்கள் நிற்கின்றன. புரட்சிச் சதுக்க நிலையத்திலே மனீசர் என்ற சிற்பி அமைத்த 76 வெண்கலச் சிலைகள் உண்டு. அவற்றுள், எல்லைக் காவலனின் அருகே அமர்ந்திருக்கும் நாயின் மூக்கு பொன்போலப் பளபளக்கிறது. அதைத் தொட்டால் நல்லது நடக்கும் என்பது நகரத்தாரின் நம்பிக்கை. சோதனைக்குச் செல்லும் மாணவர்கள் அதனைத் தடவாமற் செல்வதில்லை!

தங்கள் பெருமையைக் காட்ட ஆட்சியாளர் எழுப்பிய மண்டபம் அது. அதனைத் தம் கையால் தொட்டுத் தொட்டுத் தமதாக்கிக்கொண்டவர்களோ அன்றாடப் பயணிகள். இத்தனை அழகு எதற்கு என்ற வினாவுக்கு அந்தப் பளபளக்கும் மூக்கும் ஒரு விடை சொல்கிறதல்லவா?