கப்பலில் போடும் ‘கிராஜுவிட்டி’: கட்டணுமா, எடுக்கச் சொல்லணுமா?

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் மூணு நாள், நாலு நாள் போய்வருவது சென்னைக் குடும்பங்களுக்கு இப்போது நன்றாகவே பழகிவிட்டது. மெரினா பே கப்பல் முனைய வரிசையில் நின்றால் முன்னாலும் பின்னாலும் தமிழ் கேட்கிறது. ஆபீஸில் யாராவது புக்கிங் பண்ணியவுடன் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “டிக்கெட் காசு முழுக்கக் கட்டியாச்சு. அப்புறம் என்னவோ கிராஜுவிட்டின்னு ஆளுக்குத் தினம் பதினெட்டரை டாலர் போடறானே, அது என்ன?”

நமக்கு கிராஜுவிட்டி என்றால் அஞ்சு வருஷம் வேலை பார்த்துவிட்டுக் கிளம்பும்போது கம்பெனி நமக்குத் தருவது. கப்பலில் அதே சொல் நாம் தருகிற டிப்ஸைக் குறிக்கிறது. குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

இதற்கு வாட்ஸப் குழுக்களில் ரெடிமேட் பதில் ஒன்று சுற்றுகிறது: “கடைசி நாள் ராத்திரி கஸ்டமர் கவுண்டருக்குப் போய் எடுக்கச் சொல்லுங்க, ஒரு வார்த்தை பேசாம எடுத்துடுவான். ரூம் பையனுக்கு மட்டும் கையில இருபது டாலர் குடுத்துடுங்க.” சொல்வதில் பொய் இல்லை. பல அமெரிக்க நிறுவனக் கப்பல்களில் கேட்டால் எடுத்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது, அதை ஏன் டிக்கெட்டில் சேர்க்காமல் தனியாக வைத்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்தபின் எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்றேன்.

முதலில் தொகை. ராயல் கரீபியன் கப்பல்களில் 2024 நவம்பர் முதல் சாதாரண அறைக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலர், சூட் அறைக்கு 21 டாலர். நாலு பேர் குடும்பம், நாலு இரவு என்றால் 296 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலே 25,000 ரூபாயைத் தாண்டும். பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் மாதிரி சலுகை கிடையாது; சில நிறுவனங்களில் கைக்குழந்தைக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்தத் தொகையைக் கப்பல் ஏறியபின் பில்லில் முதல் தடவையாகப் பார்க்கிறவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். அதனால் விளம்பரத்தில் இருக்கும் டிக்கெட் விலையோடு இதையும் முதல் நாளே கூட்டி, அதுதான் உண்மையான டிக்கெட் விலை என்று நினைத்துக்கொண்டு முடிவெடுங்க. கட்டுப்படியாகவில்லையா, ஒரு இரவு குறைவான பயணமாகப் பாருங்க.

முன்பெல்லாம் இது இப்படி இல்லை. கடைசி இரவு அறைக்கு வெள்ளைக் கவர்கள் வரும். ஸ்டூவர்டுக்கு ஒன்று, வெயிட்டருக்கு ஒன்று, உதவி வெயிட்டருக்கு ஒன்று, ஹெட் வெயிட்டருக்கு ஒன்று. பயணி அதில் நோட்டை வைத்து அவரவர் கையில் கொடுப்பார். தினமும் அதே மேஜை, அதே வெயிட்டர் என்பதால் அந்த ஏற்பாடு ஓடியது. 2000 வாக்கில் நார்வீஜியன் நிறுவனம், எந்த நேரத்திலும் எந்த உணவகத்திலும் சாப்பிடலாம் என்று மேஜைக் கட்டுப்பாட்டை எடுத்தது. தினம் வேறு வெயிட்டர் என்றால் கவரை யாரிடம் கொடுப்பது? ஆகவே எல்லாரிடமும் ஒரே தொகை பிடித்து, ஒரு பொதுப் பானையில் போட்டுப் பிரிப்பது என்று ஆயிற்று. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக அதே வழிக்கு வந்தன. ராயல் கரீபியன் 2013-இல்தான் தானியங்கிப் பிடித்தத்துக்கு மாறியது. அப்போது ஆளுக்கு 12 டாலர். பதினோரு வருஷத்தில் பாதிக்கு மேல் ஏறியிருக்கிறது.

பொதுப் பானை என்றதும் இன்னொன்றும் நடந்தது. கவர் காலத்தில் நம் கண்ணில் படுகிற நாலு பேருக்குத்தான் காசு. இப்போது கண்ணில் படாத ஆட்களுக்கும் அதில் பங்கு போகிறது. பெட்ஷீட் துவைக்கிறவர், பாத்திரம் கழுவுகிறவர், பஃபே மேஜையில் தட்டு எடுக்கிறவர் என்று. எந்த வேலைக்கு எவ்வளவு பங்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

சரி, சம்பளத்தையே ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் என்ன? நியாயமான கேள்வி. கார்னிவல் பனாமாவில் பதிவான கம்பெனி, ராயல் கரீபியன் லைபீரியாவில். கப்பல்களில் பறப்பது பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடி. அமெரிக்கக் கொடி இல்லாத கப்பலில் வேலை செய்பவருக்கு அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் செல்லாது. மிஞ்சுவது 2006-இல் ஏற்கப்பட்டு 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. அதன்படி வேலை வாரத்துக்கு 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, அல்லது ஓய்வு 77 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. இரண்டில் ஒன்றை அளவாகக் கொள்ளலாம். (168-இலிருந்து 77-ஐக் கழித்துப் பாருங்க. 91 மணி நேர வேலைக்கும் வழி இருக்கிறது.) சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தேர்ந்த மாலுமிக்கு வைத்த குறைந்தபட்ச மாத அடிப்படைச் சம்பளம் 2025-இல் 673 டாலராக இருந்தது. இது கப்பலை ஓட்டுகிற பக்கத்து ஆளுக்கான கணக்கு, அறை துடைக்கிறவருக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் எந்த அளவில் பேசுகிறார்கள் என்பது புரியும். ஆறு முதல் ஒன்பது மாதம் ஒப்பந்தம், அதில் வாராந்தர விடுமுறை என்று ஒன்று கிடையாது, சில மணி நேர இடைவெளிதான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பழைய மூதாதை உண்டு. 1867-இல் தொடங்கிய புல்மன் கம்பெனி அமெரிக்க ரயில்களில் படுக்கைப் பெட்டிகளை ஓட்டியது. அதில் பணியாட்களாக அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களை எடுத்தது. சம்பளம் மிகக் குறைவு. மீதியைப் பயணியிடம் டிப்ஸாக வாங்கிக்கொள் என்பதுதான் கணக்கு. அவர்கள் 1925-இல் சங்கம் வைத்து, பன்னிரண்டு வருஷம் போராடி, 1937-இல்தான் ஒப்பந்தம் வாங்கினார்கள். ரயில் ஸ்டூவர்ட் இடத்தில் கப்பல் ஸ்டூவர்டை வைத்துப் பாருங்க, கணக்கு அப்படியே பொருந்தும். என் பார்வையில், ‘டிப்ஸ்’ என்ற பெயர் போர்த்திக்கொண்டு நம் பில்லில் வந்து நிற்பது கம்பெனி கொடுக்க வேண்டிய சம்பளத்தின் ஒரு பகுதி. தனியாக வைத்தால் டிக்கெட் விலை குறைவாகத் தெரியும். 2024 ஜூலையில் கலிஃபோர்னியா, விளம்பர விலையில் எல்லாக் கட்டாயக் கட்டணமும் சேர்ந்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கப்பல் நிறுவனங்கள் துறைமுகக் கட்டணத்தை விலைக்குள் கொண்டுவந்தன. கிராஜுவிட்டி வெளியிலேயே நின்றுகொண்டது. ‘விருப்பம் இருந்தால்’ என்று ஒரு வார்த்தை இருப்பது எவ்வளவு வசதி பாருங்க.

சேர்க்கவே முடியாது என்றும் சொல்வதற்கில்லை. பிரிட்டனின் பி அண்ட் ஓ க்ரூசஸ் 2019 மே மாதம் தினசரிப் பிடித்தத்தை எடுத்துவிட்டு டிக்கெட்டுக்குள் வைத்துவிட்டது. சீபோர்ன், சில்வர்சீ போன்ற விலை உயர்ந்த கப்பல்களில் ஏற்கெனவே அப்படித்தான். ஆக கம்பெனி மேல் கோபம் வருவது சரி. கவுண்டரில் போய் எடுக்கச் சொன்னால் அந்தக் கோபம் கம்பெனியைத் தொடுவதில்லை, நேராகப் பானைக்குத்தான் போகிறது.

ஒரு பயணத்தில் எங்கள் அறை ஸ்டூவர்ட் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். தமிழ் என்று தெரிந்ததும் ‘சார்’ போய் ‘அண்ணே’ ஆகிவிட்டது. அவனிடமே கேட்டேன். “எடுத்துட்டு எங்கிட்ட இருபது டாலர் குடுப்பாங்கண்ணே. நல்ல மனசுதான். ஆனா கீழ லாண்டரியில நிக்கிறவன யாருண்ணே பாப்பா? அவன் மேல வரவே கூடாது” என்றான். மேலதிகாரி வருகிற சத்தம் கேட்டதும் ஆங்கிலத்துக்கு மாறி, டவல் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். சில கப்பல்களில் இன்னொரு விதியும் உண்டு. பிடித்தத்தை எடுத்த பயணி கையில் கொடுக்கும் காசை ஸ்டூவர்ட் தானே வைத்துக்கொள்ளக் கூடாது, பானையில் சேர்க்க வேண்டும். நீங்க கொடுத்த இருபது அவனுக்குப் போய்ச் சேரும் என்பதற்கும் உத்தரவாதமில்லை.

எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாள் அறையைச் சுத்தம் செய்யவில்லை, புகார் சொல்லியும் யாரும் வரவில்லை என்றால் கேட்கலாம். ஆனால் குறை நடந்த அன்றைக்கே கவுண்டரில் சொல்லுங்க, சரிசெய்ய வாய்ப்புக் கொடுங்க. ஏசி சத்தம், மழை வந்து தீவில் இறங்க முடியாமல் போனது இதற்கெல்லாம் லாண்டரிக்காரர் பங்கைக் குறைப்பது என்ன நியாயம்?

இதற்கு மேல் தனியாகக் கொடுக்கணுமா? கடமை இல்லை, மனசு இருந்தால். நம்ம ஆட்கள் விஷயத்தில் ஒருவரை மட்டும் நான் தனியாகச் சொல்வேன். ஹெட் வெயிட்டர். முதல் ராத்திரியே அவரிடம் போய், சைவம், வெங்காயம் பூண்டு கூடாது, பாட்டிக்குத் தயிர்சாதம் வேண்டும் என்று சொன்னால், மறுநாளிலிருந்து மெனுவில் இல்லாத பருப்பும் சப்பாத்தியும் மேஜைக்கு வரும். பெரும்பாலான பெரிய கப்பல்களில் முந்தின நாளே சொன்னால் செய்து தருகிறார்கள். அப்படிச் செய்தவருக்கும் அறை ஸ்டூவர்டுக்கும் கடைசி ராத்திரி பத்து இருபது டாலர் கையில் கொடுப்பது மரியாதை. சென்னையில் டாலர் வாங்கும்போதே ஒன்று, ஐந்து டாலர் நோட்டுகளாகக் கேட்டு வாங்கிக்கோங்க. நூறு டாலர் நோட்டை நீட்டிச் சில்லறை கேட்பது இரண்டு பேருக்கும் சங்கடம். கரையில் சுற்றிக்காட்டும் கைடு, டிரைவர் இந்தப் பானையில் சேர்த்தி இல்லை; அவர்களுக்கு அந்தந்த ஊர் வழக்கம். ஜப்பானில் நீட்டினால் திருப்பித் தந்துவிடுவார்கள்.

பாரில் ஒரு விஷயம் கவனிங்க. ஜூஸோ காக்டெயிலோ, பில் போடும்போதே 18 சதவீதம் சேர்ந்துவிடும்; சில நிறுவனங்களில் 20. 12 டாலர் என்று பார்த்தது 14.16 ஆகி வரும். அதன் கீழே ‘கூடுதல் டிப்ஸ்’ என்று காலியாக ஒரு கோடு இருக்கும். அதை நிரப்பியே ஆகணும் என்று நினைத்து எழுதினால் இரண்டாவது தடவை கொடுக்கிறீர்கள். ஒரு கோடு கிழித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்க. ஸ்பாவிலும் இதே கதை.

தினசரித் தொகையை முன்னமே கட்டிவிடுவது நல்லது. நடுவில் நிறுவனம் ஏற்றினாலும் பொதுவாக உங்களுக்கு ஏறாது. கப்பலில் கட்டினால் கணக்கு டாலரில் ஓடும்; நம்ம ஊர் கிரெடிட் கார்டு பலவற்றில் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் விழும். டெபிட் கார்டைப் பதிவு செய்யாதீங்க. முன்ஜாக்கிரதையாக அவர்கள் பிடித்துவைக்கும் தொகை திரும்பி வர நாளாகும். ஊர் திரும்பும் வழியில் கணக்கில் காசு இல்லாமல் நிற்பீங்க.

டிப்ஸுக்குச் சம்பந்தமில்லாத இரண்டு விஷயம், எல்லாரும் கேட்பதால். கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பி வருவதால் உங்க சிங்கப்பூர் விசா பலமுறை நுழையக்கூடியதா என்று பாருங்க. பெட்டி அறைக்கு வர மத்தியானமோ சாயங்காலமோ ஆகும். மாத்திரை, பாஸ்போர்ட், குழந்தைக்கு மாற்று உடை எல்லாம் தோள்பையில் இருக்கட்டும்.

கடைசி ராத்திரி கணக்கு விவரம் டிவியிலோ ஆப்பிலோ வந்துவிடும். அன்றைக்கே வரி வரியாகப் பார்த்துவிடுங்க. முன்னமே கட்டியிருந்தும் தினசரித் தொகை மறுபடி ஏறியிருந்தால் கவுண்டருக்குப் போக வேண்டிய நேரம் அதுதான். காலையில் போனால் இறங்குகிற கூட்டம் முழுக்க அங்கேதான் நிற்கும்.