விளக்கும் எண்ணெயும்

மணமகனை எதிர்கொள்ளச் சென்ற கன்னியர் பத்துப்பேரின் கைகளிலும் விளக்குகள் இருந்தன. மேலதிக எண்ணெயோ ஐவரிடம் மட்டுமே இருந்தது. விளக்கு வைத்திருப்பது வேறு, அதை ஆயத்தமாக வைத்திருப்பது வேறு என்பதை இயேசுவின் இவ்வுவமை உணர்த்துகிறது.

அன்பார்ந்தவர்களே, உங்கள் இல்லத்திலும் அத்தகைய விளக்குகள் உண்டு. மின்கசிவு ஏற்படின் கணப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டித்து உயிர் காப்பது ட்ரிப் சுவிட்ச். ஆண்டுக்கணக்கில் இயங்காதிருந்தால் அது உள்ளே இறுகிவிடலாம். வெளியே எவ்வித அடையாளமும் தெரியாது. மூன்று மாதங்களுக்கொருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். சுவிட்ச் உடனே விழவேண்டும். விழாவிடின், தாமதியாது மின்னியலாளரை அழையுங்கள்.

எரிவாயு அடுப்பின் குழாயிலும் இணைப்புகளிலும் சவர்க்கார நீரைத் தடவிப் பாருங்கள். குமிழி எழுந்தால் அங்கே கசிவு உண்டு. தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்காதீர்கள்.

மழைக்காலத்தில் கூரைப் பீலியில் அடைபடும் சருகுகளை வாரந்தோறும் அகற்றுங்கள். தேங்கிய நீரில் டெங்கு நுளம்பின் முட்டை ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே நுளம்பாகிவிடுகிறது. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 180,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவாகினர்.

நேராத விபத்தை எவரும் காண்பதில்லை. ஆகவே இப்பணிகளுக்கு நன்றி கூறுவாரும் இல்லை. ஆயினும், அயர்ந்து உறங்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஆற்றும் மறைவான அன்புப்பணி இது. மணமகன் வரும் நேரத்தைக் கன்னியர் அறியவில்லை. ஆபத்து வரும் நேரத்தை நாமும் அறியோம். வரும் சனிக்கிழமை பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.