உங்களுக்குத் தெரியுமா? நுரையீரலில் குவியும் டி செல்கள்

கிரேக்க மொழியில் 'சார்க்ஸ்' என்றால் சதை. 1899இல் நோர்வே தோல் மருத்துவர் சீசர் பெக், ஒருவரின் தோலில் கண்ட முடிச்சுகளுக்கு 'சார்காய்டு' என்று பெயரிட்டார். அப்படித் தோல் நோயாக அறிமுகமான சார்காய்டோசிஸ், பத்தில் ஒன்பது பேருக்கு நுரையீரலையோ மார்புக்குள் உள்ள நிணநீர்க் கணுக்களையோதான் தாக்குகிறது.

தூசியையும் கிருமியையும் விழுங்குவது மேக்ரோபேஜ் செல்களின் வேலை. இந்நோயில் அவை நெருக்கியடித்து உருண்டையாகத் திரளும். சில ஒன்றாகக் கலந்து, பல கருக்கள் கொண்ட ராட்சதச் செல்லாகிவிடும். நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்கள் சுற்றிலும் வேலிபோல நிற்கும். இந்த உருண்டைக்குப் பெயர் கிரானுலோமா. காசநோய்க் கிருமியைச் சிறைவைக்கவும் உடல் இதைத்தான் கட்டுகிறது. ஆனால் சார்காய்டோசிஸ் உருண்டையைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே கைதி யாருமில்லை!

எக்ஸ்ரேயில் இரண்டு நோயும் ஒன்றுபோலத் தெரியலாம். காசநோய் மிகுந்த நம் நாட்டில், சளியில் கிருமி அகப்படாமலே மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை சாப்பிட்டு, குணம் காணாத பிறகு உண்மை தெரிந்தவர்கள் உண்டு. அதனால் மருத்துவர் பயாப்சி வேண்டும் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

இந்நோயாளிகள் பலருக்கு டி.பி. தோல் ஊசி போட்டால் தடிப்பே வராது. ரத்தத்திலும் டி செல்கள் குறைந்திருக்கும். எதிர்ப்புச் சக்தி சோர்ந்துவிட்டது என்றே நெடுநாள் நினைத்தார்கள். பிறகு நுரையீரலுக்குள் உப்புநீரைச் செலுத்தி, உறிஞ்சியெடுத்து எண்ணிப் பார்த்தார்கள். 1981இல் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு நேர் எதிராக இருந்தது: உதவி டி செல்கள் அங்கே மிதமிஞ்சிக் குவிந்து, மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தன. ரத்தத்தில் காணாமல்போனவை நெஞ்சுக்குள் இருந்தன! இன்றும் அந்த நீரில் சிடி4 எனப்படும் உதவி டி செல்கள், சிடி8 எனப்படும் இன்னொரு வகை டி செல்களைப்போல மூன்றரை மடங்குக்கு மேல் இருந்தால், மருத்துவர்கள் சார்காய்டோசிஸைச் சந்தேகிப்பார்கள்.

வைட்டமின் டி-யைச் செயல்படும் நிலைக்கு மாற்றுவது வழக்கமாகச் சிறுநீரகம். கிரானுலோமாவின் மேக்ரோபேஜ்களும் அதைத் தாமாகவே செய்யும், அதுவும் கட்டுப்பாடில்லாமல். ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகக் கல்லும் வரலாம். இந்நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளைத் தொடவே கூடாது.

திடீர்க் காய்ச்சல், வீங்கிய கணுக்கால், கீழ்க்காலில் சிவந்து வலிக்கும் தடிப்புகள், எக்ஸ்ரேயில் பெருத்த நிணநீர்க் கணுக்கள்: ஸ்வீடன் மருத்துவர் லோஃப்கிரன் பெயரால் அழைக்கப்படும் இந்த வகை, பார்க்கவே கதிகலங்க வைக்கும். ஆனால் இது பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும்.